கம்பியோடு பேசும் சி: மைக்ரோகன்ட்ரோலர் நிரலாக்கமும் கணினி இணைப்பும், முதல் எல்இடியிலிருந்து ரிலே வரை

கணினியில் எழுதும் சி நிரல் தப்பாகப் போனால் திரையில் ஏதாவது ஒரு தடயம் கிடைக்கும். மைக்ரோகன்ட்ரோலரில், அதாவது ஒரே சிப்புக்குள் அடங்கிய குட்டிக் கணினியில், அந்த வசதி கிடையாது. எல்இடி எரியவில்லை, அவ்வளவுதான். தப்பு நிரலிலா, கம்பியிலா, பிரெட்போர்டின் (பற்றவைக்காமல் கம்பிகளைச் செருகும் துளைப்பலகை) தளர்ந்த துளையிலா, எல்இடியைத் தலைகீழாகச் செருகியதிலா? நான்கில் எது என்று சிப் சொல்லாது. ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது: ஒரு சமயத்தில் ஒரே ஒரு புதுப் பொருளைச் சேர்ப்பது, அது வேலை செய்கிறது என்று மல்டிமீட்டரிலோ கண்ணாலோ பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுவது.

கடைசியில் நம் கையில் இருக்கப்போவது இது: ஒரு பட்டன், ஒரு வெப்பநிலை சென்சார், 12 வோல்ட் விசிறியை ஓட்டும் ஒரு ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்). வெப்பநிலையைச் சிப் கணினிக்குச் சொல்லும், விசிறியைப் போடலாமா வேண்டாமா என்று கணினி சிப்புக்குச் சொல்லும். இரண்டு பக்கமும் சி தான்.

ஒரு குறிப்பு. நிரல் வரிகளை வாயால் படித்துச் சொல்வதுபோலத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது டேட்டாஷீட்டில் (சிப்பின் விவரக் கையேடு) இருக்கும் ஆங்கிலப் பெயர்களையே அடியுங்கள். குறியீடுகளும் எண்களும் இங்கே இருப்பது போலவேதான்.

எடுத்து வைக்க வேண்டியவை

ஏடிமெகா328பி சிப் உள்ள அர்டுயினோ ஊனோ போர்டு ஒன்று போதும். அதே பெயரில் வரும் ஊனோ ஆர்4 வேண்டாம், அதில் இருப்பது வேறு சிப், கீழே சொல்லும் ரெஜிஸ்டர்கள் (சிப்பின் பாகங்களை இயக்கும் உள் நினைவிடங்கள்) அதில் இல்லை. அர்டுயினோ நூலகத்தை நாம் தொடப்போவதில்லை. அது மோசமானது என்பதால் அல்ல, அடியில் நடப்பதை அது மூடி வைத்துவிடுகிறது என்பதால். ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துவிட்டால் பிறகு எந்த நூலகத்தையும் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

இந்தச் சிப்பில் நிரலுக்கு 32 கிலோபைட் ஃபிளாஷ், மாறிகளுக்கு 2 கிலோபைட் ரேம், மின்சாரம் போனாலும் அழியாத 1 கிலோபைட் ஈஈப்ராம் உண்டு. ஊனோவில் ஓடும் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். 2 கிலோபைட் ரேம் என்பது இந்தக் கட்டுரையின் ஒரு பக்கத்தைக்கூட முழுதாகக் கொள்ளாது. அதை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு மாறியையும் அறிவிக்க வேண்டும்.

இதோடு பிரெட்போர்டு, 330 ஓம் மற்றும் 470 ஓம் ரெசிஸ்டர்கள், எல்இடி, பட்டன், எல்எம்35 சென்சார், 2என்2222 டிரான்சிஸ்டர், 1என்4007 டயோடு, 5 வோல்ட் ரிலே, 12 வோல்ட் டிசி விசிறி, அதற்கு ஒரு அடாப்டர். மல்டிமீட்டர் இல்லாமல் தொடங்காதீர்கள். சாதாரணமானதே போதும், ஆனால் இருக்க வேண்டும்.

மென்பொருளில் மூன்று: ஏவிஆர்-ஜிசிசி கம்பைலர், ஏவிஆர்-லிப்சி நூலகம், சிப்பில் ஏற்ற ஏவிஆர்டியூட். சி கோப்பைக் கம்பைல் செய்தால் எல்ஃப் கோப்பு வரும். அதை ஹெக்ஸ் கோப்பாக மாற்றி யுஎஸ்பி வழியாக ஏற்ற வேண்டும். கம்பைலருக்குச் சிப்பின் பெயரையும், அளவைக் குறைக்கும் ஆப்டிமைசேஷன் விருப்பத்தையும், எஃப்_சிபியூ = 16000000 என்ற வரையறையையும் கொடுக்க மறக்காதீர்கள். தாமதச் சார்பு தன் கணக்கை இந்த எண்ணை நம்பித்தான் போடுகிறது. கடையிலிருந்து வந்த வெறும் சிப்பை பிரெட்போர்டில் வைத்தால், தொழிற்சாலை அமைப்பில் அது 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். அப்போது 1 வினாடி என்று எழுதியது 16 வினாடியாகும். எல்இடி சோம்பேறித்தனமாக மினுக்கினால் முதலில் இங்கே பாருங்கள்.

முதல் படி: ஒரு பிட், ஒரு பின்

சிப்பின் பின்கள் ஒன்றுக்கு எட்டு வரை என்று போர்ட் என்ற கூட்டமாகப் பிரிந்திருக்கின்றன: பி, சி, டி. ஒவ்வொரு போர்ட்டுக்கும் மூன்று ரெஜிஸ்டர்கள். டிடிஆர் திசையைச் சொல்லும்: 1 என்றால் வெளியீடு, 0 என்றால் உள்ளீடு. போர்ட் என்பது நாம் வெளியே அனுப்பும் மதிப்பு. பின் என்பது வெளியே இப்போது உண்மையில் இருப்பது. சி மொழியின் பார்வையில் மூன்றும் சாதாரண 8 பிட் மாறிகள்தான். ஆனால் அந்த மாறியில் 1 எழுதினால் ஒரு உலோகக் காலில் 5 வோல்ட் ஏறும். இந்த இணைப்பு மனதில் பதிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஊனோ போர்டில் 13 என்று அச்சிட்ட பின், சிப்பின் கணக்கில் போர்ட்பி-யின் 5-வது பிட். போர்டிலேயே ஒரு எல்இடி அதில் இருக்கிறது. ஆக முதல் நிரலுக்குக் கம்பியே தேவையில்லை:

டிடிஆர்பி |= (1 << 5);
வைல் (1) {
    போர்ட்பி ^= (1 << 5);
    _டிலே_எம்எஸ்(500);
}

முதல் வரியை மெதுவாகப் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் இனி எழுதும் எல்லா வரியும் இதே அச்சுதான். 1 என்பது 8 பிட்டில் 00000001. அதை ஐந்து இடம் இடப்பக்கம் தள்ளினால் 00100000. பிட் எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குவதால் இதுதான் 5-வது பிட். இதை டிடிஆர்பி-யோடு 'அல்லது' போட்டால் அந்த ஒரு பிட் மட்டும் 1 ஆகும், மற்ற ஏழும் இருந்தபடியே இருக்கும். அணைக்க வேண்டுமென்றால்:

போர்ட்பி &= ~(1 << 5);

~ குறி 00100000 என்பதை 11011111 ஆகத் திருப்புகிறது. அதோடு 'மற்றும்' போட்டால் 5-வது பிட் மட்டும் 0 ஆகும். ^ குறி அந்தப் பிட்டைப் புரட்டிப் போடும்.

'டிடிஆர்பி = 32' என்று நேராக எழுதினாலும் எல்இடி எரியும்தான். அதனால்தான் அது ஆபத்து. மற்ற ஏழு பின்களும் அந்த வரியில் சத்தமில்லாமல் உள்ளீடாகிவிடும். நான் ஒருமுறை எல்இடிக்காக இப்படி ஒரு வரியை அவசரமாகச் சேர்த்துவிட்டு, அதே போர்ட்டில் இருந்த மோட்டார் ஏன் நின்றது என்று ஒரு மாலை முழுக்க மோட்டாரின் கம்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கம்பியில் ஒன்றுமில்லை.

இந்த நிரல் ஓடிய பிறகு வெளியே ஒரு எல்இடியை 330 ஓம் ரெசிஸ்டரோடு 13-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே வையுங்கள். சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை 330-ஆல் வகுத்தால் 9 மில்லிஆம்பியர். ஒரு பின்னுக்கு 20 வரை நிம்மதியாக எடுக்கலாம், 40 என்பது தாண்டவே கூடாத கோடு. ரெசிஸ்டர் இல்லாமல் எல்இடியை நேரே செருகினாலும் எரியும் என்று யாராவது சொன்னால், எரியும்தான், எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

பட்டன்: சின்னப் பொருள், பெரிய பாடம்

பட்டனின் ஒரு காலைப் போர்டில் 2 என்று எழுதிய பின்னுக்கும் (போர்ட்டி-யின் 2-வது பிட்), இன்னொரு காலைக் கிரவுண்டுக்கும் கொடுங்கள். 0, 1 என்று எழுதிய பின்களில் எதையும் செருகாதீர்கள், அவை கணினியோடு பேசும் வழி.

பட்டனை அழுத்தினால் பின் கிரவுண்டில் இருக்கும், 0. விட்டுவிட்டால்? எங்கும் ஒட்டாமல் தொங்கும். தொங்கும் பின் ஒரு ஆன்டெனா. பக்கத்தில் கையை நீட்டினாலே 0-க்கும் 1-க்கும் இடையே அலையும். இதைத் தடுக்க பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும் ஒரு புல்-அப் ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கிறது, 20 முதல் 50 கிலோ ஓம் வரை. பின்னை உள்ளீடாக வைத்துக்கொண்டு போர்ட்டில் 1 எழுதினால் அது விழித்துக்கொள்ளும்:

டிடிஆர்டி &= ~(1 << 2);
போர்ட்டி |= (1 << 2);

இனி விட்டால் 1, அழுத்தினால் 0. தலைகீழாகத் தோன்றும், பழகிவிடும். படிக்கும்போது 'பின்டி & (1 << 2)' என்று படியுங்கள். போர்ட்டி-யைப் படித்தால் நீங்கள் எழுதிய 1-தான் திரும்பி வரும். தொடக்கக்காரர்கள் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி இது.

இரண்டாவது சிக்கல், பட்டன் துள்ளும். உள்ளே இரண்டு உலோகத் தகடுகள் மோதும்போது சில மில்லி வினாடிகளுக்குத் தொட்டு விலகித் தொட்டு விலகி அடங்கும். நமக்கு ஒரு அழுத்தல், 16 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு அது பத்துப் பதினைந்து அழுத்தல். எண்ணிக்கை நிரல் எழுதி ஒரே ஒருமுறை அழுத்திப் பாருங்கள், எண் தாவுவது தெரியும்.

'அழுத்தியதும் 20 மில்லி வினாடி தூங்கு' என்று தாமதம் போட்டால் தீர்ந்துவிடும் போலிருக்கும். ஆனால் தூங்கும் சிப் வேறு எதையும் கவனிக்காது. பின்னால் கணினியிலிருந்து பைட்டுகள் வரும்போது இந்தத் தூக்கம் நம்மைக் கடிக்கும். ஆகவே இந்த இடத்திலேயே டிலே சார்புக்கு விடை கொடுத்துவிட்டு, ஒரு மில்லி வினாடிக்கு ஒருமுறை அடிக்கும் டைமரை வைத்துக்கொள்வோம்.

16 மெகாஹெர்ட்ஸை 64-ஆல் வகுத்தால் வினாடிக்கு 2,50,000 துடிப்பு. 250 துடிப்புக்கு ஒருமுறை இன்டரப்ட் (ஓடும் நிரலை நிறுத்தி ஒரு சிறு சார்பை ஓடவைக்கும் குறுக்கீடு) வந்தால் அது சரியாக 1 மில்லி வினாடி. பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவதால் 249 என்று எழுதுகிறோம்:

டிசிசிஆர்0ஏ = (1 << டபிள்யூஜிஎம்01);
டிசிசிஆர்0பி = (1 << சிஎஸ்01) | (1 << சிஎஸ்00);
ஓசிஆர்0ஏ = 249;
டிம்ஸ்க்0 = (1 << ஓசிஐஈ0ஏ);
செய்();

கடைசி வரி இன்டரப்ட்டுகளை மொத்தமாகத் திறந்துவிடும் கட்டளை. அதன் ஒலிப்பு தமிழில் இப்படி அமைந்தது ஒரு தற்செயலான அழகு.

இன்டரப்ட் சார்புக்குள் ஒரே ஒரு வேலை: மில்லி வினாடி எண்ணும் மாறியைக் கூட்டுவது. அந்த மாறியை 'வோலட்டைல்' என்று அறிவிக்க வேண்டும். ஏன்? முதன்மைச் சுழற்சியைப் பார்க்கும் கம்பைலருக்கு அங்கே யாரும் அந்த மாறியை மாற்றுவதாகத் தெரியாது. ஒருமுறை படித்துப் பையில் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆப்டிமைசேஷன் இல்லாமல் சரியாக ஓடி, அதைப் போட்டதும் உறைந்துபோகும் நிரல் பெரும்பாலும் இந்தச் சொல்லை மறந்த நிரல்.

வோலட்டைல் மட்டும் போதாது என்பதைப் பல வழிகாட்டிகள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. இது 8 பிட் சிப். 16 பிட் எண்ணைப் படிக்க அதற்கு இரண்டு தடவை கை நீட்ட வேண்டும். எண்ணில் 255 இருக்கிறது என்று வையுங்கள்: மேல் பைட் 0, கீழ் பைட் 255. நிரல் கீழ் பைட்டை எடுத்தாயிற்று, 255. அந்தக் கணம் பார்த்து இன்டரப்ட் வந்து எண்ணை 256 ஆக்குகிறது: மேல் பைட் 1, கீழ் பைட் 0. திரும்பி வந்த நிரல் மேல் பைட்டை எடுக்கிறது, 1. இரண்டையும் ஒட்டினால் 511. அப்படி ஒரு எண் அங்கே இருந்ததே இல்லை. இது எப்போதாவதுதான் நடக்கும், அதுவும் யாருக்காவது செய்துகாட்டும்போது நடக்கும். மருந்து: படிக்கும் அந்த ஒரு கணம் இன்டரப்டை மூடித் திறப்பது. ஏவிஆர்-லிப்சி-யில் இதற்கென்றே 'அட்டாமிக்_பிளாக்' இருக்கிறது.

நேரத்தை ஒப்பிடும்போது 'இப்போது - முன்பு >= 1000' என்று கழித்தே ஒப்பிடுங்கள். குறியில்லா 32 பிட் மில்லி வினாடி எண் சுமார் 49.7 நாளில் நிரம்பிப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். கழித்தல் முறையில் அந்தத் திருப்பமும் சரியாகவே கணக்காகும். கூட்டி வைத்துக்கொண்டு 'இப்போது >= இலக்கு' என்று பார்த்தால் ஆகாது.

இனி துள்ளலுக்கு விடை எளிது. ஒவ்வொரு மில்லி வினாடியும் பட்டனைப் பாருங்கள். தொடர்ந்து 20 முறை ஒரே பதில் வந்தால் அதை நம்புங்கள், இடையில் மாறினால் எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாக்குங்கள். நம் சாதனத்தில் இந்தப் பட்டனுக்கு 'கணினி என்ன சொன்னாலும் விசிறியை நிறுத்து' என்ற அதிகாரம். ஒருமுறை அழுத்தினால் தடை, மறுமுறை அழுத்தினால் தடை நீக்கம்.

வெப்பநிலை: எண்ணாக மாறும் மின்னழுத்தம்

எல்எம்35 ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 10 மில்லிவோல்ட் தரும். 30 டிகிரி என்றால் 300 மில்லிவோல்ட். அதற்கு 5 வோல்ட் கொடுத்து, நடுக்காலை ஏ0 பின்னில் செருகுங்கள். தட்டையான முகம் உங்களைப் பார்க்க இருக்கும்போது இடக்கால் மின்சாரம், வலக்கால் கிரவுண்டு. மாற்றிச் செருகினால் சில வினாடியில் விரல் சுடும். நிரல் எழுதும் முன்பே மல்டிமீட்டரில் நடுக்காலை அளந்து, 0.2 முதல் 0.4 வோல்ட் வரை ஏதோ ஒன்று வருகிறதா என்று பாருங்கள். விரலால் பிடித்தால் ஏற வேண்டும். ஏறினால் சென்சார் நல்லது. இனி எண் தப்பாக வந்தால் பழி நிரலுக்கு.

சிப்பின் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) 10 பிட், அதாவது 0 முதல் 1023 வரை. 5 வோல்ட்டை ஒப்பாக, அதாவது அளவுகோலின் உச்சமாக, வைத்தால் ஒரு படி 4.9 மில்லிவோல்ட், ஏறக்குறைய அரை டிகிரி. உள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ஒப்பைப் பயன்படுத்தினால் ஒரு படி 1.07 மில்லிவோல்ட், 0.1 டிகிரி. அறையின் வெப்பநிலைக்கு இதுவே சரி:

ஏடிமக்ஸ் = (1 << ரெஃப்ஸ்1) | (1 << ரெஃப்ஸ்0);
ஏடிசிஎஸ்ஆர்ஏ = (1 << ஏடிஈஎன்) | 7;

அந்த 7 கடிகாரத்தை 128-ஆல் வகுக்கிறது. ஏடிசி முழுத் துல்லியத்தோடு வேலை செய்ய 50 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வேண்டும், நமக்குக் கிடைப்பது 125. ஒரு அளவுக்கு 13 துடிப்பு, அதாவது 104 மைக்ரோ வினாடி. ஏடிஎஸ்சி பிட்டை 1 ஆக்கி, அது தானாக 0 ஆகும் வரை காத்திருந்து, ஏடிசி ரெஜிஸ்டரைப் படிக்க வேண்டியதுதான். ஒப்பு மின்னழுத்தத்தை மாற்றிய பின் வரும் முதல் அளவைத் தூக்கிப்போடுங்கள். 16 முறை படித்துச் சராசரி எடுத்தால் எண் நடுங்காது.

இப்போது கணக்கு. படித்த எண் 280 என்றால் 280 × 1100 ÷ 1024 = 300 மில்லிவோல்ட், அதாவது 30.0 டிகிரி. மில்லிவோல்ட் எண்ணே டிகிரியின் பத்தில் ஒரு பங்காக அமைந்துவிட்டது. ஃபுளோட் வேண்டவே வேண்டாம். புள்ளியைக் கணினியின் திரையில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இதை அப்படியே சி-யில் எழுதினால் திரையில் 4.4 டிகிரி என்று வரும். இந்தச் சிப்பில் இன்ட் என்பது 16 பிட். 280 × 1100 = 3,08,000. குறியில்லா 16 பிட்டில் அடங்குவது 65,535 வரைதான். நிரம்பி வழிந்து மிஞ்சுவது 45,856. அதை 1024-ஆல் வகுத்தால் 44. கம்பைலர் இதற்குக் குரல் கொடுக்காது, ஏனெனில் மாறியில் என்ன எண் வரும் என்று அதற்குத் தெரியாது. பெருக்கும் முன்பே 32 பிட்டாக மாற்றுங்கள்:

எம்வி = ((யுஇன்ட்32_டி) அளவு * 1100) / 1024;

இன்னொரு நுணுக்கம். 1.1 வோல்ட் என்று பெயரே தவிர, சிப்புக்குச் சிப் அது 1.0 முதல் 1.2 வரை எங்கேயும் இருக்கலாம். நிரல் ஓடும்போது ஏரெஃப் பின்னை மல்டிமீட்டரில் அளந்து, வரும் எண்ணை 1100-க்குப் பதிலாக எழுதுங்கள். என் போர்டு ஒன்றில் 1078 வந்தது. இதைச் செய்யாமல் சென்சாரைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர். ஏரெஃப் பின்னில் வெளியிலிருந்து எந்த மின்னழுத்தமும் கொடுக்காதீர்கள், உள் ஒப்போடு ஷார்ட் ஆகும்.

ரிலே: ஒரு பின் தூக்க முடியாத சுமை

சிறிய 5 வோல்ட் ரிலேயின் சுருளுக்கு ஏறக்குறைய 70 மில்லிஆம்பியர் வேண்டும். பின்னின் எல்லை 40. ஆகவே நடுவே ஒரு டிரான்சிஸ்டர். 8 என்று எழுதிய பின்னிலிருந்து (போர்ட்பி, பூஜ்ஜியமாவது பிட்) 470 ஓம் வழியாக 2என்2222-இன் பேஸுக்கு. எமிட்டர் கிரவுண்டுக்கு. கலெக்டர் ரிலேச் சுருளின் ஒரு முனைக்கு, சுருளின் மறுமுனை 5 வோல்ட்டுக்கு. பேஸில் ஓடுவது (5 - 0.7) ÷ 470, சுமார் 9 மில்லிஆம்பியர். டிரான்சிஸ்டரை முழுமையாகத் திறக்க இது தாராளம்.

சுருளுக்குக் குறுக்கே டயோடு, கோடு போட்ட முனை 5 வோல்ட் பக்கம். சுருளில் ஓடும் மின்னோட்டம் திடீரென நின்றால் அது நிற்க மறுத்து எதிர்த்துத் தள்ளும், நூறு வோல்ட்டைத் தாண்டிய முள் ஒன்று எழும். டயோடு அதற்குச் சுற்றி வர ஒரு வழி கொடுக்கிறது. நான் முதன்முதலில் ரிலே வைத்தபோது 'இவ்வளவு சின்னச் சுருளுக்கு எதற்கு' என்று டயோடை விட்டுவிட்டேன். முதல் நாள் ஓடியது. இரண்டாம் நாள், ரிலே அணையும்போதெல்லாம் சிப் ரீசெட் ஆனது. மூன்றாம் நாள் டிரான்சிஸ்டர் போய்விட்டது. நிரலை மூன்று முறை திருத்தி எழுதியிருந்தேன், நிரல் முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்தது.

விசிறியின் 12 வோல்ட் ரிலேயின் தொடுமுனைகள் வழியாகப் போகும், சிப்பின் பக்கம் வராது. வீட்டு மின்சாரத்தை இந்தத் தொடுமுனைகளில் மாட்டும் ஆசை வரும். பிரெட்போர்டில் அது கூடவே கூடாது. ரிலே இல்லாமல் வேறொரு டிரான்சிஸ்டரால் 12 வோல்ட்டை நேராக ஓட்டும் நாள் வந்தால், இரண்டு மின்மூலங்களின் கிரவுண்டையும் சேர்த்துக் கட்ட மறக்காதீர்கள். மின்னழுத்தம் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலானது. பொதுக் கிரவுண்டு இல்லையென்றால் ஒரு பக்கத்தின் 5 வோல்ட்டுக்கு மறுபக்கத்தில் பொருளே இல்லை.

கணினிக்குக் கம்பி

ஒரு காலத்தில் கணினியிலேயே இதையெல்லாம் நேராகச் செய்யலாம். பிரிண்டர் மாட்டும் பேரலல் போர்ட், பதினாறடிமானத்தில் 378 என்ற முகவரியில் இருந்தது. சி-யில் ஒரே வரியில் ஒரு பைட்டை அங்கே எழுதினால் எட்டுக் கம்பிகளில் அப்படியே எட்டு பிட் ஏறும். இன்றைய கணினியில் அந்தப் போர்ட் இல்லை. யுஎஸ்பி-யும் இயங்குதளமும் நடுவே நிற்கின்றன. நம் மைக்ரோகன்ட்ரோலர்தான் இப்போது அந்தப் பழைய போர்ட்டின் இடத்தில் உட்கார்ந்து கணினிக்காகக் கம்பிகளைத் தொடுகிறது.

இருவரும் பேசும் மொழி யுஏஆர்டி. ஒரு கம்பியில் ஒரு பைட் எப்படிப் போகிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்போம். சும்மா இருக்கும்போது கம்பி 1-இல் இருக்கும். ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தின் எண் 65, இரும எண்ணில் 01000001. முதலில் கம்பி 0-க்கு இறங்கும், அது தொடக்க பிட். பிறகு சிறிய பிட் முதலில் என்ற வரிசையில் 1, 0, 0, 0, 0, 0, 1, 0. கடைசியில் 1, முடிவு பிட். மொத்தம் 10 பிட். 9600 வேகத்தில் ஒரு பைட்டுக்கு 1.04 மில்லி வினாடி. கடிகாரத்துக்குத் தனிக் கம்பி கிடையாது. இருவரும் ஒரே வேகத்தை முன்கூட்டியே ஒத்துக்கொள்வதுதான் ஒப்பந்தம்.

அந்த வேகத்தை அமைக்கும் எண்: 16000000 ÷ (16 × 9600) - 1 = 103.17. முழு எண்ணாக 103. பிழை 0.2 சதவீதம், கவலையில்லை. 115200 வேண்டுமென்றால் இதே சூத்திரத்தில் பிழை 3.5 சதவீதமாகிவிடும், எழுத்துகள் அவ்வப்போது உடையும். இரட்டை வேக பிட்டைப் போட்டால் 2.1-க்கு வரும். திரையில் குப்பை எழுத்துகள் வந்தால் பெரும்பாலும் காரணம் இந்த வேகக் கணக்கு அல்லது தப்பான எஃப்_சிபியூ. நாம் 9600-இலேயே இருப்போம்:

யுபிஆர்ஆர்0 = 103;
யுசிஎஸ்ஆர்0பி = (1 << ஆர்எக்ஸ்ஈஎன்0) | (1 << டிஎக்ஸ்ஈஎன்0);
யுசிஎஸ்ஆர்0சி = (1 << யுசிஎஸ்ஜெட்01) | (1 << யுசிஎஸ்ஜெட்00);

அனுப்ப, யுடிஆர்ஈ0 பிட் 1 ஆகும் வரை காத்திருந்து யுடிஆர்0-இல் எழுதுங்கள். பெற, ஆர்எக்ஸ்சி0 பிட் 1 ஆக இருந்தால் யுடிஆர்0-ஐப் படியுங்கள். வரும் பைட்டுகளை வன்பொருள் இரண்டு மட்டும்தான் தாங்கிப் பிடிக்கும், அதற்கு மேல் தாமதித்தால் போனது போனதுதான். டிலே சார்பை முன்பே தூக்கி எறிந்தது இதற்குத்தான்.

பழைய கணினிகளின் ஒன்பது பின் சீரியல் போர்ட்டில் இதை நேராக மாட்டக் கூடாது. அதில் வருவது ஆர்எஸ்-232: மின்னழுத்தம் 3 முதல் 15 வோல்ட், அதுவும் கூட்டலும் கழித்தலுமாக, தலைகீழ் வடிவத்தில். மேக்ஸ்232 போன்ற சிப் நடுவே வேண்டும். ஊனோவில் யுஎஸ்பி மாற்றி போர்டிலேயே இருப்பதால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

பேச்சு விதிமுறையை முடிந்தவரை எளிதாக வையுங்கள். சிப் வினாடிக்கு ஒருமுறை '300' போல ஒரு எண்ணையும் வரிமுறிவையும் அனுப்பும். கணினி வினாடிக்கு ஒருமுறை '1' அல்லது '0' என்று ஒரே ஒரு எழுத்தை அனுப்பும். எல்லாம் எழுத்து வடிவம், ஆகவே எந்த டெர்மினல் மென்பொருளிலும் கண்ணால் பார்க்கலாம், கையால் தட்டலாம். கணினி நிரல் எழுதும் முன்பே டெர்மினலில் '1' அழுத்தி ரிலே டக்கென்று விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கணினிப் பக்கத்து நிரல்

லினக்ஸில் போர்டு ஒரு கோப்பாகத் தோன்றும். டெவ் அடைவில் டிடிஒய்ஏசிஎம்0 அல்லது, சிஎச்340 மாற்றி உள்ள போர்டுகளில், டிடிஒய்யுஎஸ்பி0. திறக்க அனுமதி இல்லை என்று வந்தால் டெபியன், உபுண்டு வகைகளில் உங்கள் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். எப்போதும் ரூட்டாக ஓட்டுவது சோம்பேறி வழி.

கோப்பை ஓப்பன் சார்பால் திறந்து, டிசிகெட்ஆட்டர் மூலம் அமைப்பை எடுத்து, சிஎஃப்மேக்ரா மூலம் பச்சை நிலைக்கு (ரா மோட்: பைட்டுகளை மாற்றாமல் அப்படியே தரும் நிலை) கொண்டுவந்து, இரு திசைக்கும் 9600 வைத்து, டிசிசெட்ஆட்டர் மூலம் திருப்பி எழுதுங்கள். பச்சை நிலை முக்கியம். இல்லையென்றால் இயங்குதளம் இதை மனிதர் தட்டும் டெர்மினல் என்று நினைத்து வரிமுறிவுகளை மாற்றும், வந்ததைத் திருப்பி எதிரொலிக்கும். விண்டோஸில் காம் என்று தொடங்கும் போர்ட் பெயர். எண் 10-உம் அதற்கு மேலும் என்றால் பெயருக்கு முன் \\.\ சேர்க்காமல் திறக்காது.

இரண்டு இடத்தில் எல்லோரும் தடுக்குவார்கள். ஒன்று, போர்ட்டைத் திறந்த கணமே ஊனோ ரீசெட் ஆகும். நிரல் ஏற்ற வசதியாக, சீரியல் இணைப்பின் டிடிஆர் கம்பி (முன்பு பார்த்த திசை ரெஜிஸ்டர் அல்ல) ஒரு சின்னக் கப்பாசிட்டர் வழியாக ரீசெட்டோடு கட்டப்பட்டிருக்கிறது. திறந்ததும் 2 வினாடி காத்திருந்து, அதுவரை வந்ததை டிசிஃப்ளஷ் மூலம் கொட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். இரண்டு, ரீட் சார்பு ஒரு முழு வரியைத் தரும் என்று எந்த உறுதியும் இல்லை. '300' என்பது முதல் அழைப்பில் '3', அடுத்ததில் '00' என்று வரலாம். வருவதை ஒரு வரிசையில் சேர்த்துக்கொண்டே போய், வரிமுறிவைக் கண்டதும்தான் எண்ணாக மாற்ற வேண்டும்.

முடிவெடுப்பது எளிது: 32 டிகிரி தாண்டினால் '1'. ஆனால் 32-க்குக் கீழே வந்ததும் '0' என்று எழுதினால், 31.9-க்கும் 32.0-க்கும் இடையே ரிலே கிளிக் கிளிக் என்று துடித்துக்கொண்டே இருக்கும். 320-இல் போட்டு, 310-க்குக் கீழே இறங்கும்போதுதான் அணையுங்கள். இடைப்பட்ட பகுதியில் முந்தைய முடிவே நீடிக்கட்டும்.

கணினி செத்தால்?

இதுவரை செய்தது வேலை செய்யும் சாதனம். இனி, வேலை செய்யாதபோதும் சரியாக நடந்துகொள்ள வேண்டும். கணினி நிரல் நொறுங்கினால், மடிக்கணினி தூங்கினால், ரிலே கடைசியாகக் கேட்ட கட்டளையிலேயே நின்றுவிடும். விசிறி என்பதால் பரவாயில்லை, அதே இடத்தில் ஹீட்டர் இருந்தால்?

சிப்பில் ஒரே ஒரு மாறியைக் கூடுதலாக வையுங்கள்: கடைசிப் பைட் வந்த மில்லி வினாடி. சுழற்சியின் ஒவ்வொரு சுற்றிலும்:

இஃப் (இப்போது - கடைசி > 3000)
    போர்ட்பி &= ~(1 << 0);

கணினி வினாடிக்கு ஒருமுறை ஏன் அதே '1'-ஐ மீண்டும் மீண்டும் அனுப்ப வேண்டும் என்று முன்பு தோன்றியிருந்தால், காரணம் இதுதான். கட்டளையே நாடித்துடிப்பு. கூடவே சிப்பின் வாட்ச்டாக் டைமரை (குறித்த நேரத்துக்குள் தட்டிக்கொடுக்காவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் காவலன்) 1 வினாடிக்கு வைத்து, சுழற்சியின் தலையில் மட்டும் அதைத் தட்டிக்கொடுங்கள். இன்டரப்டுக்குள் தட்டிக்கொடுத்தால், முதன்மைச் சுழற்சி உறைந்த பிறகும் இன்டரப்ட் அதை ஏமாற்றிக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றையும் ஓடவிட்டு, சென்சாரை விரலால் பிடித்து விசிறியைச் சுழலவையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினி நிரலைக் கன்ட்ரோல்-சி அழுத்திக் கொல்லுங்கள். யுஎஸ்பி கேபிளைப் பிடுங்க வேண்டாம், சிப்புக்கு மின்சாரமே அதில்தான் வருகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். ரிலே டக்கென்று விடுபடும் ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுத்து 8-வது பின்னை அளந்து பாருங்கள்: அங்கே 5 வோல்ட் இருந்தால் தப்பு நிரலில், 0 இருந்தும் ரிலே பிடித்துக்கொண்டிருந்தால் தப்பு கம்பியில்.